கறைவ 11

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
மாகாளியின் லாரி நிற்கிறது.
உள்ளே பதினொரு கறவை.
நான் இந்தப் பக்கம், மூன்று கிலோமீட்டர் தள்ளி,
கால்நடை ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர் முன்னால்.

நான் அனுப்பியது: கறவை 11, நோய் இல்லை.
அங்கே போய்ச் சேர்ந்தது:
கறைவ 11, ேநாய் இல்ைல.

டாக்டர் லிஜி போன் செய்கிறார்.
தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார்.
கறை என்றால் எங்களுக்கும் கறதான் என்கிறார்.
நோய் என்று ஏதோ இருக்கிறது,
இல்லை மட்டும் உடைந்து கிடக்கிறது,
எப்படி விடுவேன், நீயே சொல்லு.
சரிதான். நானானாலும் விடமாட்டேன்.

எங்கள் மெஷின் கை எழுதுகிறபடி வைக்கும்:
கொம்பு முதலில், எழுத்து அப்புறம்.
அவர்களுடையது வாய் சொல்கிறபடி:
எழுத்து முதலில், கொம்பு அப்புறம்.
நடுவில் நின்று சேதியை மாற்றித் தரும் நிரல்
வந்த வரிசையிலேயே தள்ளிவிட்டது.
முன்னால் எந்த எழுத்து நின்றதோ
அதற்கு முளைத்துவிட்டது கொம்பு.
எழுத்தே சிக்காத இடத்தில்
புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம்:
கொம்பு இருக்கிறது, மாட்டைக் காணோம்.

எண்ணுக்கு மட்டும் ஒரு கீறல் கிடையாது.
காதில் தொங்கும் மஞ்சள் வில்லை,
ஆளுக்குப் பன்னிரண்டு இலக்கம்,
அத்தனையும் அப்படியே போய் இறங்கியிருக்கிறது.
எண்ணுக்குப் பர்மிட் வேண்டாம்.
எழுத்தைத்தான் இறக்கிப் பார்க்கிறார்கள்.

மாகாளி கூப்பிடுகிறான்.
"ஏனுங்க அம்மணி, இதுல ஒன்னு
காலை மாத்தி மாத்தி வெக்குதுங்க.
நீங்க எழுத்தையே பாத்துட்டு இருங்க."

நிரலைத் திறந்தேன்.
எழுதிவிட்டுப் போனவன் யாரோ,
ஒரு வரி குறிப்புகூட வைக்கவில்லை.
கணவாய்க் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.
கொம்பு வந்தால் கையில் பிடி.
அடுத்த எழுத்தை முன்னே விடு.
பிறகு கொம்பை மாட்டு.
ஒகரத்துக்கு இரண்டு கையும் வேண்டும்,
இடதில் கொம்பு, வலதில் கால்.
கௌ வந்தால்
அது ஒரே எழுத்தா, கெ-யும் ள-வுமா,
பழைய மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
பதினொன்றில் ஒருத்தி பெயர் கௌரி.
இன்றைக்கு இருக்கிறபடி இரு தாயே என்று விட்டுவிட்டேன்.

நாலு இருபது. மறுபடி அனுப்பினேன்.
கறவை 11, நோய் இல்லை.

போன். லிஜி சிரிக்கிறார்.
"எழுத்தொக்கெ சரியாயி. பக்ஷே எண்ணம் தெற்றி."
என் எண்ணத்தில் என்ன தப்பு என்று
ஒரு நொடி முழுக்க யோசித்தேன்.
அவருக்குப் பின்னால் லாரிப் பலகை இறங்குகிற சத்தம்,
சாக்கு கேட்டுக் கத்தும் மாகாளி,
அதற்கும் பின்னால்
எந்த எழுத்திலும் ஏறாத ஒரு சின்னக் குரல்.

பன்னிரண்டாவதின் காதில் வில்லை கிடையாது.
கொம்பும் வர நாளாகும்.
எந்த ஊர்க் கணக்கு என்று கேட்டால்
லாரியின் முன்சக்கரம் அங்கே, பின்சக்கரம் இங்கே.

திருத்தி அனுப்பட்டுமா என்றேன்.
"இப்போள் வேண்டா" என்றார்.
"ஆத்யம் அது எணீட்டு நிக்கட்டே."