விடியுமுன் வெந்நீர்

மீன்பருவம் முடிந்தது.
மூன்று மாதம் சால்மனின் வயிறு கிழித்த கைகள்
ஸோயாவின் சமையலறை மேசைமேல்
சும்மா கிடக்கப் பழகிக்கொண்டிருந்தன.
நாளை எங்கள் நால்வருக்கும் ஒரே விடுப்பு.

போவதென்று முடிவாயிற்று:
எரிமலைக்குப் பின்னால்,
ஆற்றங்கரைக் கூழாங்கல்லுக்கு அடியிலிருந்து
தானே கொதித்து வரும் ஊற்றுக்கு.
நூற்றிருபது கிலோமீட்டர்.
கடைசி இருபது, சாலை என்று
தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் ஒன்று.

வண்டி என்னுடையது,
ஜப்பானிலிருந்து கம்சாத்காவுக்குக் கப்பலேறி வந்த பழசு.
சாவியைத் திருகும்போதெல்லாம் உள்ளிருந்து ஒரு பெண்
வெகு மரியாதையாக ஏதோ சொல்வாள்.
பதினோரு வருடமாக யாருக்கும் புரிந்ததில்லை.
"பார்த்துப் போ என்கிறாள்" என்பாள் ரிம்மா.
"டயரை மாற்று என்கிறாள்" என்பாள் ஸோயா.

மின்கட்டண ரசீதின் பின்புறம்
பட்டியல் எழுதினேன்.
கறுப்பு ரொட்டி. தேநீர்க் குடுவை இரண்டு.
உப்பிட்ட மீன்முட்டை என்றதும்
இன்னுமா மீன் என எல்லோர் முகமும் சுளித்து,
பிறகு, சரி, ஒரு டப்பா.
கரடி வந்தால் தட்ட ஒரு தகரத் தட்டு.
"கோடாலி!" என்று அடுத்த அறையிலிருந்து
ஸோயாவின் கணவர் கத்தினார்.
கரடிக்கா என்றோம்.
விறகுக்கு என்றார்.

மண்வெட்டி, அதன் கீழே இரண்டு கோடு.
அங்கே தொட்டி கிடையாது.
ஊற்று எண்பது டிகிரி, ஆறு ஐந்து டிகிரி.
நடுவே பள்ளம் தோண்டிக் கல் அடுக்கி
நம் உடம்பு தாங்கும் சூட்டை
நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.
ஒரு கல் இப்படி நகர்ந்தால் வேகும்,
அப்படி நகர்ந்தால் விறைக்கும்.

நேரத்தில்தான் சச்சரவு.
"பத்து மணிக்கு,
தூங்கி எழுந்து, மனுஷரைப் போல" என்றாள் ரிம்மா.
"நான்கு" என்றாள் ஸோயா.
"விடியவே ஏழாகுமே!"
ஸோயா காரணங்களை அடுக்கினாள்:
பத்துக்கு மேல் நகரத்துப் பேருந்துகள் வரும்,
ஒலிபெருக்கியோடு பையன்கள் வருவார்கள்,
இருட்டில் நீராவி அழகு,
கரடிகளும் தூங்கும்.

நான்கு மணிக்குக் கரடிகள் தூங்காது.
எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கபித்தோலினா ஒன்றும் பேசவில்லை.
ஜன்னலோரம்
கம்பளிச் சட்டைமேல் கைகளைக் கட்டியிருந்தாள்.
ஏப்ரலில் விமானமேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப்
போய்த் திரும்பியதிலிருந்து அப்படித்தான்.
ஆலையில் உடைமாற்றும் அறைக்கும்
எல்லோரும் போனபின்தான் வருகிறாள்.

ரிம்மா வாயைத் திறந்தாள்,
மூடினாள்,
சர்க்கரை போட்ட தேநீரில் மறுபடி சர்க்கரை போட்டாள்.
"நாலே நல்லது. எனக்குக் கூட்டம் ஆகாது."
கூட்டமென்றால் உயிரை விடுகிறவள், ரிம்மா.

நான்கு மணி, எழுதினேன்.
கைவிளக்கு, எழுதினேன்,
அடித்தேன்.

"என் நீச்சலுடை இப்போது சரியாக இராது."
கபித்தோலினாதான்.
சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.
கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த ஸோயா
துடைப்பதை நிறுத்தவில்லை.
"இருட்டில் எவளுக்கு நீச்சலுடை?
ஈரத்துணி சுமக்க என்னால் ஆகாது."
பட்டியலில் அதையும் அடித்தேன்.

எழுந்து போகும்போது, ஒரு கை பூட்ஸுக்குள் இருக்க,
கபித்தோலினா சொன்னாள்:
"மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன்.
ஆனால் விடிந்ததும் ஓடி வந்துவிடக் கூடாது.
மலைமேல் முதல் பனி விழுந்திருக்கிறதாம்,
வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்,
தண்ணீரில் இருந்தபடியே."
கதவு சாத்தியது.

மூவரும் ஆளுக்கொரு திசை பார்த்தோம்.
ரிம்மா அந்த இனிப்புத் தேநீரை
ஒரே மூச்சில் குடித்தாள்.

கீழே இறங்கி டயர்களை உதைத்துப் பார்த்தேன்.
சாவியைத் திருகினேன்.
அந்தப் பெண்
தான் சொல்வதை மரியாதையாகச் சொன்னாள்.
சரி, என்றேன்.