கட்டில் அளவு

பாடாங் செராயில் பாதிப் பேரின் உடம்பு
என் நோட்டில் இருக்கிறது.
மார்பு முப்பத்தாறு, கை பதினொன்று,
வலது தோள் தாழ்வு:
காண்டா சுமந்த தோள்.
புஷ்பவதிக்கு மூன்றாம் மாதம் என்று
அவள் மாமியாருக்கு முன்னே
என் இஞ்சு டேப்புக்குத் தெரியும்.
வாயைத் திறக்கவில்லை.
பக்கவாட்டில் ஒரு இஞ்சு கூடுதலாக உள்ளே மடித்துத் தைத்தேன்.

பதினோரு வயதில் கோதுமை மாவுச் சாக்கைக் கிழித்து
பால்மரம் சீவப் போகும் அம்மாவுக்கு ஒரு முன்துணி.
மறுவாரமே பால் காய்ந்து பலகையாகிவிட்டது,
ஊசி ஏறவில்லை.
பத்தொன்பதில் சிங்கர், மாதத் தவணை பதினெட்டு வெள்ளி.
பிறகு பள்ளிக்கூடம்: நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை.
தீபாவளிக்கு முந்தின வாரம் நாற்பது ரவிக்கை,
காலடியில் தூங்கும் மகன்
மிதியின் ஆட்டத்துக்குத் தலையாட்டுவான்.
தோட்டத்தைச் செம்பனையாக்கி லயத்தை இடித்தபோது
மிஷினை லாரியில் முதலில் ஏற்றினேன்,
அரிசி மூட்டையை அப்புறம்.

இத்தனை வருஷத்தில் நிறம் நான் சொன்னதில்லை.
துணி அவர்களுடையது, உடம்பும் அவர்களுடையது.
எனக்கு மிஞ்சியது வெட்டுத்துண்டு.
அதையும் சாக்கில் கட்டி
ஆ செங் பட்டறைக்கு அனுப்பிவிடுவேன்,
கிரீஸ் துடைக்க, சாக்கு மூன்று வெள்ளி.
மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலுக்காவது
தராசு வைத்துத் தனிக்கணக்கு எழுதினார் கிராணி.

இப்போது திங்கள், புதன், வெள்ளி
இவருக்கு ரத்தம் சுத்திகரிக்க நான்கு மணி நேரம்.
ஏர்கோன் குளிரில் எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.
பக்கத்துப் படுக்கையில் கக் ரொக்கியா,
நில அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர்.
அவர் கால்மேல் ஒரு போர்வை,
முக்கோணமும் சதுரமுமாய்.
கேட்காமலே மூலையைப் புரட்டினேன், தொழில் புத்தி.
மேலே துண்டுகள், நடுவே பஞ்சு, அடியில் ஒரே துணி,
மூன்றையும் துளைத்து ஓடும் தையல்
அரிசி அரிசியாய்.
"யார் அளவு?" என்றேன்.
"கட்டில் அளவு" என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
கழுத்து வேண்டாம். அக்குள் வேண்டாம்.
இடுப்பு பிடிக்குதுன்னு
திரும்பி வந்து நிற்க ஆளில்லை.

ஆ செங் இரண்டு தடவை ஆள் அனுப்பினான்.
சாக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.
நாலு இஞ்சுச் சதுரம்தானே என்று உட்கார்ந்தால்
நாற்பத்தேழு வருஷம் வளைவு வெட்டிய கை
நேர்கோட்டில் தடுமாறுகிறது.
எட்டாவது வரிசை முக்கால் இஞ்சு ஓடிப்போயிருந்தது.
பிரித்தேன், தைத்தேன், பிரித்தேன்.
ஒரு மூலை மட்டும் கடைசிவரை சேரவே இல்லை.

கூலிமிலிருந்து வந்த மகன் சிரித்தான்:
"இந்த வெயிலுக்குப் போர்வையா?"
மருமகள் தொட்டுப் பார்த்து
"நினைவுகளைத் தைக்கிறீங்களா அத்தை?" என்றாள்.
இல்லையம்மா.
கரும்பச்சைக்குப் பக்கத்தில் எதை வைத்தால்
பச்சை எழுந்து நிற்கும் என்று பார்க்கிறேன்.
அது யாருடைய ரவிக்கை என்பதே மறந்துபோச்சு.

முடிந்ததும் இவர் காலில் போர்த்தினேன்.
ஊசி குத்தாத கையால் தடவிக்கொண்டே போனவர்
சரியாக அந்த மூலையில் நின்றார்.
"இங்கே சேரலையே."
"தெரியும்."
கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.
மிஷின் அதன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்ததற்கு ஊதா வேண்டும்.
சாக்கு முழுக்கக் கொட்டிப் பார்த்தேன்,
இந்த ஊரில் யாரும் என்னிடம்
ஊதா தைக்கக் கொடுத்ததே இல்லை போல.
துணிக்கடையில் அரை மீட்டர் கேட்டேன்.
"யாருக்குக்கா ரவிக்கை?"
"யாருக்கும் இல்லை."
கத்திரியைத் துணியில் வைத்தவன்
வெட்டாமல், மறுபடியும் கேட்டான்.