பேக்கிங் லிஸ்ட்

ஸ்கின் என்று அடிக்க வேண்டிய இடத்தில்
ஹைடு என்று அடித்துவிட்டேன்.
நாலு நாள் துறைமுகத்திலேயே நின்றது கண்டெய்னர்.
தண்டம் மட்டும் என் ஏழு மாதச் சம்பளம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் கரண்ட் போன மத்தியானம்.
மேனேஜர் இம்தாதுல்லா கத்தவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.
ரெண்டு துண்டை எடுத்து மேசைமேல் போட்டார்.
ஆடு, செம்மறி என்றால் ஸ்கின்.
மாடு, எருமை என்றால் ஹைடு.
அவ்வளவுதாம்மா.

கன்னுக்குட்டி, சார்?
ஸ்கின்.
அது வளர்ந்தா?
மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.
நடுவுல கிப்புன்னு ஒண்ணு இருக்கு,
அதை அப்புறம் சொல்றேன்.

எனக்குத் தெரிந்தது தோல், ஒன்றே ஒன்று.
வாழைப்பழத்துக்கும் அதுதான், உரித்த உளுந்துக்கும் அதுதான்,
கணக்கில் பெயிலானபோது
அப்பா உரித்துவிடுவேன் என்றதும் அதைத்தான்.

மறுநாள் லீவு போட்டு
வீட்டுக்காரரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.
அதே கம்பெனியில் குரோம் டிரம் ஓட்டுகிறவர்.
கொஞ்ச நாளாக அவர் உள்ளங்கை
என் புடவையில் மாட்டி நூல் இழுக்கிறது.

மேல்விஷாரம், ரத்தினகிரி, சத்துவாச்சேரி.
சுற்றிலும் வங்காளம் பேசுகிற வரிசை.
ஸ்கின் ஓ.பி. என்ற போர்டைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
இன்னாத்துக்குச் சிரிக்கிற, என்றார்.
தேசப்பன்! என்று நர்ஸ் கூப்பிட்டாள்,
நான் சொல்லாத பெயரை அவ்வளவு சத்தமாக.

எத்தனை வருஷமா?
பத்தொம்பது.
கையுறை?
குடுப்பாங்க.
போடுவதைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை,
இவரும் சொல்லவில்லை.
தோல் தடிச்சிருக்கு, என்று எழுதினார்.
வெளியே வந்து இவர் சொன்னது:
உங்க அண்ணன் கல்யாணத்தன்னிக்கே சொன்னான்,
எனக்குத் தோல் தடிச்சதுன்னு.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு குழந்தை
கையையே பார்த்துக்கொண்டிருந்தது.
இவர் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.
ஒளித்துவைப்பதும் ஹைடுதான், ஒன்பதாம் வகுப்பில் படித்தது.
சொல்லவில்லை நான்.

வீட்டில் பையன் கதவைத் திறந்தான்.
ப்ளஸ் டூ எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறான்,
மீசை இன்னும் சரியாக வரவில்லை.
திங்கட்கிழமையிலிருந்து நான் டிரம்முக்குப் போகட்டுமா,
அப்பா ஒரு மாசம் படுக்கட்டும், என்கிறான்.

களிம்பின் மூடியை அவருக்குத் திறக்க வரவில்லை.
திறந்து கொடுத்தேன்.
காலையில் முதல் வேலையாக
மேனேஜரிடம் கேட்க வேண்டும்,
கிப் என்றால் எத்தனை வயது வரைக்கும்.