இனம் என்ற கட்டம்

பதினோராவது விண்ணப்பம்.
நாற்பது டாலர், திருப்பித் தரமாட்டார்கள்.
பெயர், வேலை, மாதச் சம்பளம் வரை
பேனா எங்கும் தடுக்காமல் ஓடுகிறது.
கண்ணாடித் தொழிற்சாலை, இரவு ஷிப்ட், ஆறு வருடம்.
பிறகு அந்தக் கட்டம்:
நாய் உண்டா? உண்டெனில், இனம்.

ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை.
அதற்குள் அறுபத்தெட்டு பவுண்டு மியூரியலை
எப்படி மடித்து வைப்பேன்?

டோலிடோவில் பிப்ரவரி.
மௌமி ஆறு ஓடுவதை நிறுத்தி இரண்டு வாரம்.
வேனின் பின்சீட்டில், என் வேலைச்சட்டைமேல்
தலைவைத்துக் குறட்டை விடுகிறாள்
அகலத் தாடைக்காரி.
ஒரு காதை யாரோ கத்தரித்திருக்கிறார்கள்,
மறு காதைப் பாதியில் விட்டிருக்கிறார்கள்.
எண்ணெய்க் கிடங்கின் பின்னால் கண்டெடுத்தபோதே அப்படி.

முதல் வீட்டுக்காரி படம் அனுப்பச் சொன்னாள்.
அனுப்பினேன், அந்தப் பச்சை ஸ்வெட்டர் போட்ட படம்.
அதன்பிறகு அவளுக்கு போன் எடுக்கத் தெரியவில்லை.
இரண்டாமவர் காப்பீட்டுக் கம்பெனியின் பட்டியலை
மளிகைச் சீட்டுப்போல வாசித்துக்கொண்டே போய்
நான்காவது பெயரில் இருமினார்.
ஐந்தாவது வீட்டில், கதவைச் சங்கிலியோடு திறந்தவர் சொன்னார்:
குரைக்கிற நாயென்றால் பரவாயில்லை,
உன்னுடையது குரைக்கவே காணோமே.
ஏழாவதில் சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்திருந்தது.
அதை நான் நினைக்கக் கூடாது.

விட்டுவிடேன் அதை, என்றாள் தங்கை
தொலைபேசியில்,
தண்ணீர் குடிக்கச் சொல்கிற குரலில்.

கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் யொலாண்டா
தடுப்பூசிச் சான்றை அச்சிடுமுன்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:
பாக்ஸர் கலப்புதானே?
நான் வாயைத் திறந்தேன்.
அவள் அதற்குள் தட்டச்சு செய்து முடித்திருந்தாள்.

இப்படியாக
கிராபோவ்ஸ்கியின் கீழ்வீட்டுக்குக் குடிவந்தோம்,
நானும் ஒரு பாக்ஸர் கலப்பும்.
மாடியில் அவர் நடப்பது தலைக்குமேல் கேட்கும்.
கேட்டால் நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பேன்.
மியூரியல் வாலைக்கூட
தரையில் படாமல் ஆட்டப் பழகினாள்.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு.
துவைத்த துணிக்கூடையோடு பின்வாசலைச் சுற்றி வருகிறேன்.
அவர் மகள் பிள்ளை எலாய், மூன்று வயது,
மண்டியிட்டு அவள் வாய்க்குள்
முழங்கை வரை கையை விட்டிருக்கிறான்.
அவனுடைய பிளாஸ்டிக் டைனோசர் உள்ளே.

நான் கத்தவில்லை. கத்த முடியவில்லை.
நான்காவது பெயர் என் காதில் இருமியது.
தாடையின் பலம் இத்தனை பவுண்டு என்று எங்கோ படித்தது,
செய்தியில் பார்த்த ஒரு வேலி,
வேலியடியில் ஒற்றைச் செருப்பு.
அந்த ஒரு நொடி
நானும் பட்டியலை நம்பினேன்.

பல் பிடுங்கக் காத்திருப்பவள்போல் அவள்
வாயை அகலத் திறந்தே வைத்திருந்தாள்.
எச்சில் ஒழுகிப் பையனின் சட்டை நனைந்தது.
அவனைப் பார்க்கவில்லை அவள்,
என்னைத்தான் பார்த்தாள்.

டைனோசர் வெளியே வந்தது, வால் மட்டும் நசுங்கி.
கிராபோவ்ஸ்கி படியிறங்கி வந்தார்.
எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ.
அவள் கத்தரித்த காதைத் தடவினார்.
நல்ல பாக்ஸர், என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
என் தம்பியிடமும் ஒன்று இருந்தது,
அதுவும் பாக்ஸர் இல்லை, என்றார்.
பேரனைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

மே மாத வாடகையை வாங்கிக்கொண்டார். ரசீதும் தந்தார்.

அன்றிரவு கோழித்தோல் முழுவதையும்
அவள் தட்டில் வைத்தேன்.
முகத்தைப் பார்க்காமல் வைத்தேன்.
தின்றாள், தட்டை நக்கித் தள்ளினாள்,
வந்து அந்தத் தாடையை
என் பாதத்தின்மேல் வைத்துப் படுத்தாள்,
முழு எடையோடு,
கால் மரத்துப்போகும் வரை.