ஐந்தாம் எண் கொக்கி

பந்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.
சேற்றைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.
ஸ்டைன்ரோடா மைதானத்தின் வடக்குக் கோல் முனையில்
மண் கறுப்பு, நிலக்கரித் தூள் கலந்தது,
முதல் அலசலுக்கு அசையாது.
பயிற்சியாளர்கள் நிற்கும் ஓரத்தில் வெளிர்மஞ்சள் களிமண்.
நாற்பத்தொரு வருடமாக அணியின் துணி துவைக்கிறேன்.
ஒரு சட்டையை விரித்தால் போதும்,
எங்கே விழுந்தான்,
தானாக விழுந்தானா, தள்ளிவிட்டார்களா,
சொல்லிவிடுவேன்.

கெர்னோட் ஓல்ஷ்லேகலின் சட்டையில்
எப்போதும் வலது பக்கம்தான் அழுக்கு.
கடைசித் தடுப்பாளன், எண் ஐந்து.
வருகிறவன் எந்தப் பக்கம் வந்தாலும்
இவன் வலப்பக்கம் சரிந்துதான் காலை நீட்டுவான்.
பத்து வருடத்தில் கோல் ஒன்றே ஒன்று,
அதுவும் பனியில் கோல்காரர் வழுக்கிய நாளில்.
அதை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜவுளி ஆலை சம்பளம் கொடுத்த காலம்.
காகிதத்தில் அவன் தறி மெக்கானிக்.
தறியைத் தொட்டது ஒரே முறை,
பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தபோது.
பெர்லினில் சுவர் விழுந்தது.
இங்கே ஆலை விழுந்தது.
அடுத்த பிப்ரவரியில் அவன் முழங்கால்.
மூன்றில் எதற்காக அழுதாய் என்று கேட்டேன்.
வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினான்,
ஒன்றும் காதில் விழவில்லை.

பிறகு கொலோனுக்குப் போய்ப் படித்து
பயிற்சியாளன் ஆனான்.
பதினொரு ஊர்.
ஊருக்கு ஒரு மேலங்கி, மார்பில் புதுச் சின்னம்,
அதன் கீழே அவன் பெயரின் அதே இரண்டு எழுத்து.
ஊருக்கு ஒரு பூங்கொத்தும்.
எங்கள் நாட்டில் வேலையைப் பிடுங்குகிறவர்கள்
பூக்கடைக்குப் போய்விட்டுத்தான் வருவார்கள்.
ஒரு ஊரில் தொட்டிச்செடி கொடுத்தார்களாம்.
அது இன்னும் உயிரோடு இருக்கிறதென்று
கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தான்.
மூன்று அட்டைகளாக
பிர்கிட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.
நானும் விசாரிக்கவில்லை.

போன மே மாதம் இங்கே வந்தான்,
எதிரணியின் பெஞ்சில் உட்கார.
எங்களுக்கு ஒரு சமன் கிடைத்தால் போதும்,
கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிப்போம்.
அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் எதுவுமே வேண்டியிருக்கவில்லை.
முந்தின ராத்திரி எங்கள் தலைவர்
அவனுக்கு போன் போட்டார் என்று ஊரில் பேச்சு.
போட்டிருப்பார். அவர் அப்படித்தான்.

எண்பத்து மூன்றாம் நிமிடம்
ஒரு பையனை உள்ளே அனுப்பினான். லெவின்.
ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது,
அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடாத பையன்.
மழை. மூலை உதை. வடக்கு முனை.
அந்தச் சட்டையைத் துவைத்தது நானில்லை,
ஆனால் நெஞ்சு முழுக்கக் கறுப்பாக இருந்திருக்கும்.

விசில் ஊதியதும் கெர்னோட்
சுரங்கவழியில் இறங்கி இடப்பக்கம் திரும்பினான்.
விருந்தாளிகளுக்கு வலப்பக்கம்.
எங்கள் அறைக்குள் வந்து
ஐந்தாம் கொக்கிக்குக் கீழே உட்கார்ந்தான்.
எங்கள் பையன்கள் அழுதுகொண்டே வந்து
வாசலில் நின்றுவிட்டார்கள்.
இன்றைய ஐந்தாம் எண், யானெக்,
கழற்றிய சட்டையை எங்கே மாட்டுவதென்று தெரியாமல்
கையிலேயே பிழிந்துகொண்டிருந்தான்.
தண்ணீர் சொட்டிற்று.
"ஐயா, உங்கள் அறை எதிர்ப்பக்கம்"
என்றான் கடைசியில். அவ்வளவு மரியாதையாக.

எழுந்தான். முழங்கால் சற்றுத் தாமதித்து எழுந்தது.
போகிற போக்கில் மேலங்கியைக் கழற்றி
என் அழுக்குக் கூடையில் போட்டான்,
அந்தக் காலத்தில் போட்ட மாதிரியே, பார்க்காமல்.
வெறும் சட்டையோடு மழையில் பஸ் ஏறினான்.

ராத்திரி விரித்துப் பார்த்தேன்.
வலது முழங்கை, வலது விலா, வெளிர்மஞ்சள் களிமண்.
கோல் விழுந்த அந்த நொடியில்
கோட்டருகே இவனும் விழுந்திருக்கிறான்.
எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால்
யாரும் கவனிக்கவில்லை.
தானாக விழுந்தானா?
நாற்பத்தொரு வருடம் துவைத்தவள்,
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தெரியவில்லை.

இரண்டு அலசலில் போய்விட்டது.
அக்டோபரில் அங்கேயும் அவனுக்குப் பூங்கொத்து.
மேலங்கி காய்ந்து, மடித்து, என்னிடம்தான் இருக்கிறது.
தபால் செலவு ஏழு யூரோ, அது பெரிதில்லை.
எந்த ஊர் என்றுதான் எழுத வேண்டும்.