கடன்காரர் பட்டியல், வரிசை எண் 43

கம்பெனியைக் கலைக்க என்னை அனுப்பினார்கள்.
சூரமங்கலத்தில் இறங்கி மாமாங்கம் தாண்டி நடந்தேன்.
வெள்ளைக்கல் தூசியில்
என் கறுப்புச் செருப்பு
அடிவாரம் சேருமுன் நரைத்துவிட்டது.

சொத்து விவரம்:
ஏழே முக்கால் மைல் தண்டவாளம், இரண்டரை அடி அகலம்.
எஞ்சின் ஒன்று. இன்னொன்றும் இருந்ததாம்,
அதைக் கழற்றிக் கழற்றித்தான் இது ஓடியது.
கல்வண்டி பதினொன்று.
கூரை வைத்த பெட்டி ஒன்று,
முதல் வகுப்பு என்றெழுதி அடித்து
மூன்றாம் வகுப்பு என்றெழுதி அதையும் அடித்திருந்தது.

பங்குப் பத்திரத்தில் ரயில் மலையேறுகிறது.
புகை, வளைவு, உச்சியில் ஏரி,
ஏரியில் ஒரு படகுகூட.
காப்பித்தோட்டத்துத் துரைகள் நூறு ரூபாய் வீதம்
அந்தப் படத்தை வாங்கினார்கள்.
தண்டவாளம் அடிவாரத்துப் புளியமரத்தோடு சரி.

பதினாலு வருஷத்து நடவடிக்கைக் குறிப்பு.
'மலைப்பகுதி வேலை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'
கையெழுத்து மாறுகிறது, மை மாறுகிறது,
வாக்கியம் மாறவில்லை.
நடுவில் ஒரே ஒரு செய்தி:
ஆடு அடிபட்ட வகையில் சடையனுக்கு இரண்டு ரூபாய் எட்டணா.
அந்த ஆடு மறுமாதம் மேய்ந்துகொண்டிருந்ததாக
டிரைவர் டெல்லஸ் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார்.

பிறகு லாரி வந்தது.
யார் லாரி என்று விசாரித்தேன்.
டைரக்டர் ஆண்டியப்ப செட்டியார், மச்சினன் பேரில்.
கரி வாங்கக் காசில்லை என்று தீர்மானம் போட்ட
அதே வாரம் பெட்ரோலுக்கு முன்பணம்.

பட்டியல் நாற்பத்திரண்டில் முடிந்திருந்தது.
பெரியாண்டிச்சி வந்து நின்றாள். கருப்பூர் கேட்.
புருஷன் செத்ததும் பேரேட்டில் பேர் மாற்றாமல்
கொடியை மட்டும் இவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.
ஒன்பது மாதச் சம்பளம், அறுபத்து மூன்று ரூபாய்.
சட்டப்படி அது செத்தவனுக்குச் சேரவேண்டியது,
ரூபாய்க்கு ஓரணா ஒன்பது பை தேறும் என்றேன்.
"அப்ப அதை அவருக்கே குடுத்துருங்க.
எனக்குக் கேட்டு மட்டும் போதுமுங்க."

ஒரு மூங்கில், நடுவில் சிவப்புத் தகரம்.
மதிப்பு மூன்று ரூபாய். எழுதிக் கொடுத்தேன்.

தண்டவாளம் பழைய இரும்பாகச் செவ்வாய்ப்பேட்டை போயிற்று.
தினமும் நாலு பத்துக்கு
மூங்கிலை இறக்கினாள் பெரியாண்டிச்சி.
அந்தப் பக்கம் செட்டியார் லாரி, கல்லோடு, உறுமிக்கொண்டு.
ரயில் போனால்தான் திறப்பாளாம்.
ரயில் போக எட்டணா ஆகுமாம்.

நூற்றிருபது நாள்.
மறுநாள் நான் போனபோது
மூங்கில் அவள் கூரைக்கு ஏறியிருந்தது.
நூற்றிருபத்தாறு ஆகவேண்டுமே என்றேன்.
"மூங்கில் வெலை கழிச்சாச்சு."

அறிக்கையில் நாற்பத்து மூன்றுக்கு எதிரே
முழுதும் பைசல் என்று எழுதினேன்.
எப்படி என்று
மேலே ஒருவரும் கேட்கவில்லை.