எப்படியான வலி?

லாங்கென்தாலில்
ரயில் பாலத்தைத் தாண்டி,
சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே
எனக்கு ஓர் அறை இருக்கிறது,
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்.
பதினோரு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை.
படியெல்லாம் சங்கிலி எண்ணெய் வாசம்.

இதற்கு முன் ஆறு வருடம்
ஓல்டனில் மாற்று ஆசிரியை.
யாருக்காவது காய்ச்சல் வந்தால்
எனக்கு வேலை வரும்.
உள்ளே போய்ப் பையை மேசையில் வைத்த பிறகும்
ஒரு போலந்துக்காரர் பணிவாகக் கேட்டார்,
'டீச்சர் எப்போது வருவார்?'
நானும் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

என் 'ர' உருளும்.
பேர்ன்காரர்களுடையதும் உருளும்தான்.
அவர்கள் உருட்டினால் ஊர்வழக்கு,
நான் உருட்டினால் பிழை.
சான்றிதழ் அலுமாரியில்
கம்பளிக் காலுறைகளோடு கிடந்தது.

பிறகு குணநாயகம் அண்ணரின் தோள்.
துணைக்குத்தான் போனேன்.
'எப்படியான வலி?' என்றார் மருத்துவர்.
அண்ணர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:
'விடியக் காலமை உளையும்.
சட்டி தூக்கேக்க குத்தும்.
படுத்தால் கடுக்கும்.
பிறகு விண் விண் எண்டு தெறிக்கும்.'
மருத்துவர் பக்கம் திரும்பி ஜெர்மனில் சொன்னார்:
'ஷ்மெர்ட்ஸ்.'

பதினெட்டு வருடமாக
அந்த ஒற்றைச் சாவியை
எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்.
எல்லாவற்றுக்கும்
ஒரே மாத்திரை கிடைத்திருக்கிறது.

பஸ் தரிப்பில் சொன்னார்,
'அடுத்த முறை நீர் வரவேண்டாம் பிள்ளை.
அந்த நாலு சொல்லையும் எனக்குக் காட்டித் தாரும்.'
சமையலறையில் பாடம்.
முடிய, இருபது பிராங் தாளை நாலாய் மடித்துக்
கோப்பைக்கு அடியில் வைத்தார்.
நான் எடுத்துக் கொடுத்தேன்.
அவர் திரும்ப வைத்தார்.
தேநீர் ஆறிவிட்டது.
'பல்லுக்காரனுக்குக் குடுக்கிறன்தானே,' என்றார்.

'வலிக்கு மட்டுமா? மிகவும் ஒடுக்கம்,' என்றாள்
பள்ளிக்கூடம் நடத்தும் ரூத் ஏஷ்லிமான்.
ஒடுக்கம்தான்.
தொண்டையும் ஒடுக்கம்தான்.
(இதை அவளிடம் சொல்லவில்லை.
வீட்டுக்கு வந்து, வெங்காயம் வெட்டும்போது சொன்னேன்.)

துண்டுப் பிரசுரத்தில் நாற்பது என்று எழுதி
முப்பதுக்கு இறங்கி, இருபதுக்கு இறங்கி,
'இலவசம்' என்ற அடித்தட்டில் ஒரு இரவு படுத்துக் கிடந்தேன்.
அச்சுக் கடைக்குப் போகிற வழியில்
மறுபடி முப்பது வரை ஏறினேன்.

காப்புறுதிக் காரியாலயத்தின் படிவம் கேட்டது:
முதலாளி யார்?
விரல் நீளப் பெட்டி.
பேனாவில் மை இருந்தது.
குறை மையில் இல்லை.

இன்றைக்குப் பதின்மூன்று பேர்.
இரண்டு பேர் ஜன்னல் கட்டில்.
எரித்திரியாவிலிருந்து வந்த செலாம்
கன்னத்தைப் பொத்தி 'பொகெண்ட்' என்கிறாள்,
சரியாக, துடிக்கிற துடிப்போடு.
குணநாயகம் அண்ணர் பின்வரிசையில் இருந்து
உச்சரிப்புத் திருத்துகிறார், பிழையாக.

'டீச்சருக்கு எங்க நோகுது?' என்று யாரோ கேட்க
நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.
ஒவ்வொரு செவ்வாயும் ஆறு மணிக்கு
படியேறும் சத்தம் கேட்கும் வரைக்கும்
வயிற்றைப் பிசையுது.
இதற்கு ஜெர்மனில் சொல் தெரியாது எனக்கு.

கொஞ்ச நேரம் மௌனம்.
பாண் தொழிற்சாலையில்
இரவு வேலை செய்யும் யோகராணி,
மூன்று மாதமாக வாய் திறக்காதவள்,
இரண்டு கையாலும் காற்றில் மாவை அமுக்கி
'க்னேட்டெண்ட்,' என்றாள்.

எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.
எந்த மருத்துவருக்கும் விளங்கும்.
பலகையில் எழுதினேன்.
எழுத்துப் பிழை இருக்கிறதா என்று
அவளைத் திரும்பிப் பார்த்தேன்.